திரையில்லாப் பெட்டியும் ஐந்து பொத்தான்களும்: நீக்கப்பட்டவை எங்கே போகின்றன?

ஐபாட் ஷஃபிளுக்குத் திரை கிடையாது. இந்த இன்மையிலிருந்துதான் அதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். 2005 ஜனவரி 11 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் எடுத்துக் காட்டியபோது அது சூயிங்கம் பொட்டலம் அளவுக்கு ஒரு வெள்ளைக் குச்சி. எடை 22 கிராம். முன்பக்கம் ஒரு வட்டம். நடுவில் ஓடவிட, நிறுத்த ஒரு பொத்தான். மேலும் கீழும் ஒலியைக் கூட்ட, குறைக்க. வலமும் இடமும் அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு. பின்பக்கம் மூன்று நிலைகளில் நகர்கிற ஒரு சுவிட்ச்: அணை, வரிசையாகப் பாடு, கலைத்துப் பாடு. அவ்வளவுதான். ஓடுவது என்ன பாட்டு, யார் பாடுவது, அடுத்து என்ன வரும், எதுவும் தெரியாது. அந்தக் காலத்து மற்றப் பெட்டிகள் பலவற்றில் விரல்நகம் அளவுக்காவது ஒரு திரை இருந்தது. இதில் அதுவும் இல்லை. இல்லை என்பதையே விளம்பரமாக்கினார்கள்: வாழ்க்கையே தற்செயல்தானே, பாட்டும் அப்படியே வரட்டுமே என்கிற தொனியில். 512 எம்பி பெட்டி 99 டாலர், 1 ஜிபி பெட்டி 149 டாலர். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு இன்மை.

"இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நண்பர் ஒருவர் எழுதுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். 2017 ஜூலையில் ஆப்பிள் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது, செத்துப்போன சரக்கு. ஆனால் உயிரோடு இருக்கிற கைபேசியை நம்மால் அறுத்துப் பார்க்க முடிவதில்லை. மாதத்துக்கு ஒருதரம் அது தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஷஃபிள் அப்படியில்லை. நான்கு மாதிரிகள், பன்னிரண்டு வருஷம், கதை முடிந்தது. எலும்பு வெளியே தெரிகிறது. பார்த் 1957இல் சிட்ரோயன் காரையும் சோப்புத்தூளையும் பிரதிகளாக வாசித்துக் காட்டினார். நம் கட்டுரைகளில் அவர் பெயர் வருகிற அளவுக்கு அந்த வேலை வருவதில்லை. பொருளை விட்டுவிட்டுக் கோட்பாட்டை மட்டும் சுமந்து திரிவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு சாதனத்திலிருந்து ஒன்றை நீக்கினால் அது காணாமல் போய்விடுவதில்லை. வேறு எங்கேயோ, வேறு யாரிடமோ போய்ச் சேர்கிறது. கம்பெனியின் கணினி நிரலுக்குப் போகலாம், கேட்பவரின் கட்டைவிரலுக்கும் போகலாம். 'எளிமை', 'நேர்த்தி' என்கிற அழகியல் சொற்கள் இந்த இடமாற்றத்தை மூடி மறைக்கின்றன. மிச்சமிருக்கிற ஐந்து பொத்தான்களைப் பிடித்துக்கொண்டு போனால் போன இடம் தெரியும்.

*

நீக்குகிற வேலை 2005இல் தொடங்கியதல்ல. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி வாக்மேன், பத்திரிகையாளர்களுக்கென்று அதே கம்பெனி செய்துவந்த பிரஸ்மேன் என்ற சின்ன டேப்ரெக்கார்டரிலிருந்து பிறந்தது. பிரஸ்மேனிலிருந்து ஒலிப்பதிவு வசதியை எடுத்தார்கள், ஸ்பீக்கரை எடுத்தார்கள், ஸ்டீரியோவைச் சேர்த்தார்கள். அந்தச் சிவப்புப் பொத்தான் போனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. டேப்ரெக்கார்டரில் பதிவு செய்ய வேண்டுமென்றால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும்; கை தவறிப் பழைய பாட்டு அழிந்துவிடக் கூடாதே என்று. ஒப்பாரியையும் தாலாட்டையும் கதைப்பாடலையும் தேடிப்போன நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் எத்தனை பேர் ஊர்ஊராக அந்த இரட்டைப் பொத்தானை அமுக்கியிருப்பார்கள்! அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி பேசுபவள், பாடுபவள். வாக்மேனின் முன்னால் அவளுக்கு இடமில்லை. அது கேட்பவரை மட்டுமே உண்டாக்கியது.

ஆனால் முதல் வாக்மேனில் ஒரு விநோதமும் இருந்தது. அதில் இயர்போன் மாட்ட இரண்டு துளைகள். கூடவே 'ஹாட்லைன்' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டின் சத்தம் தணியும், பெட்டியில் உள்ள சின்ன மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். தனியாகக் கேட்பது அநாகரிகம் என்கிற கூச்சம் அந்தப் பொத்தானில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நான் வாசிக்கிறேன். பிறகு வந்த மாதிரிகளில் அது போய்விட்டது. 1984இல் ஷூஹெய் ஹொசகாவா வாக்மேனைப் பற்றி எழுதிய கட்டுரை தனிமனிதர் நகரத்தில் நடந்துகொண்டே கேட்பதை ஒரு நாடகமாகப் பார்த்தது. அருமையான கட்டுரை. என்றாலும் எனக்கு நடப்பவரின் காலைவிட அவர் சட்டைப்பைக்குள் இருக்கிற கைதான் முக்கியமாகப் படுகிறது.

*

ஷஃபிளில் போனது திரை. திரையோடு போனது பெயர். அது எங்கே போயிற்று?

முதல் இரண்டு மாதிரிகளின் உள்ளே ஒரு சின்னப் பட்டியல் கோப்பு இருக்கிறது. எந்தெந்தப் பாட்டு உள்ளே உண்டு என்று பெட்டி தெரிந்துகொள்வது அதைப் பார்த்துத்தான். ஆர்வலர்கள் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் 558 பைட் இடம். அதில் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த நொடியில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும், சத்தம் எவ்வளவு, கலைத்துப் போடும்போது இதைச் சேர்க்கலாமா கூடாதா என்பதெல்லாம் உண்டு. பாட்டின் பெயர் கிடையாது. பாடியவர் பெயர் கிடையாது. ஆக, பெட்டி நம்மிடமிருந்து பெயரை மறைக்கவில்லை, அதற்கே தெரியாது! எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று மட்டும் தெரிந்த ஒரு வேலைக்காரன் அது. பெயர்கள் அத்தனையும் மேசைமேல் இருக்கிற கணினியில், ஐட்யூன்ஸ் என்கிற நிரலில்.

தேர்வும் அங்கேதான் போயிற்று. ஷஃபிளோடு சேர்ந்து ஐட்யூன்சில் 'ஆட்டோஃபில்' என்றொரு வசதி வந்தது. உங்கள் ஆயிரக்கணக்கான பாட்டுகளிலிருந்து அது ஒரு நூறு இருநூறைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போடும். நீங்கள் அதிக நட்சத்திரம் கொடுத்த பாட்டுகளுக்கு முன்னுரிமை தரச் சொல்லவும் ஒரு கட்டம் உண்டு. அப்படிப் பொறுக்கியதைப் பெட்டி மறுபடி கலைத்துப் பாடும். தற்செயலுக்கு மேல் தற்செயல். நம்மாட்கள் சிலர் இதைக் 'கேட்பின் மையமழிப்பு' என்று கொண்டாடக் கூடும். ஆல்பம் என்கிற பெருங்கதையாடல் உடைந்தது, இசையமைப்பாளர் வைத்த வரிசை கலைந்தது, ஆசிரியர் இறந்தார், கேட்பவர் பிறந்தார்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் இறந்தது வாஸ்தவம். பிறந்தது கேட்பவர்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முந்தைய பாட்டு என்கிற அந்த இடப்பக்கப் பொத்தானைப் பாருங்கள். கலைத்துப் பாடும் நிலையில் சுவிட்சை வைத்துக்கொண்டு அதை அமுக்குங்கள். இரண்டு பாட்டுக்கு முன்னால் ஓடியது திரும்ப வரும், அதற்கும் முன்னால் ஓடியதும் வரும். இது எப்படி? அசல் தற்செயலுக்கு ஏது பின்னோக்கிப் போகிற வழி? தாயக்கட்டை உருட்டி விழுந்ததைத் திரும்ப உருட்டி எடுக்க முடியுமா? விஷயம் என்னவென்றால், பெட்டி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்குவதில்லை. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஒரே தடவை கலைத்து, அந்த வரிசையை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு அதையே ஒழுங்காகப் படித்துக்கொண்டு போகிறது. நமக்குத் தற்செயலாகத் தெரிவது அதற்கு ஏற்கெனவே எழுதி முடித்த வரிசை. நமக்குத் தெரியாது என்பது மட்டும்தான் இங்கே தற்செயல். தெரிந்துகொண்டிருக்க ஒரு திரை வேண்டும், அதைத்தான் நீக்கியாயிற்று. (தலையெழுத்து என்று நம்மூரில் சொல்வதும் கிட்டத்தட்ட இந்தக் கோப்புதான். எழுதியவர் யார், வாசிக்கக் கூடாதென்று தடுத்தவர் யார் என்று கேட்பது பகுத்தறிவு மரபு. அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.)

இன்னொரு வேடிக்கை. நிஜமாகவே கலைத்துப் போட்டால் ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வரத்தான் செய்யும். அது கணக்கின் இயல்பு. கேட்டவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெட்டி இன்னாருக்குச் சாய்வாக இருக்கிறது என்று புகார் சொன்னார்கள். 2005 செப்டம்பரில் வந்த ஐட்யூன்ஸ் 5இல் ஒரு வசதியைச் சேர்த்தார்கள்: ஒரே பாடகர் பக்கத்தில் பக்கத்தில் வராமல் தள்ளிவைக்கலாம். தற்செயலைக் குறைத்த பிறகுதான் அது தற்செயல்போலத் தோன்றியது. 2014இல் ஸ்பாட்டிஃபை பொறியாளர்களும் இதே காரணத்துக்காகத் தங்கள் கலைப்பு முறையை மாற்றியதை விளக்கி எழுதினார்கள். சுதந்திரம் என்று நாம் அனுபவிப்பது நமக்குச் சுதந்திரம்போலத் தெரிகிறபடி ஒழுங்கு செய்யப்பட்ட ஒன்று. ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமலே இதைச் சொல்ல முடிகிறது, பொத்தான் இருக்கிறதல்லவா.

வலப்பக்கப் பொத்தானுக்கு வருவோம். பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடுவது. கேட்பவருக்கு மிச்சமிருக்கிற ஒரே மறுப்பு இதுதான் என்று தோன்றும். எனக்கு இது வேண்டாம், போ! ஆனால் பெட்டிக்குள் இன்னொரு கோப்பும் உண்டு. எந்தப் பாட்டு எத்தனை தடவை முழுதாக ஓடியது, எத்தனை தடவை தள்ளிவிடப்பட்டது என்கிற கணக்கு. கணினியோடு இணைத்ததும் இந்தக் கணக்கு ஐட்யூன்சுக்குப் போய்ச் சேரும். 2006இல் வந்த ஐட்யூன்ஸ் 7 முதல் 'தள்ளிய எண்ணிக்கை' என்று ஒரு தனிப் பத்தியே வந்துவிட்டது. நாம் கட்டளையிடுவதாக நினைத்து அமுக்குகிறோம். அது வாக்குமூலமாகப் பதிவாகிறது. அன்றைக்கு அந்தக் கணக்கு நம் மேசைக் கணினியில் நமக்கும் தெரிகிறபடி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு வந்த பாட்டுச் சேவைகளில் அது நம் மேசையில் இல்லை. முப்பது நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு என்பது ஸ்பாட்டிஃபையில் விதி. பணம் கட்டாமல் கைபேசியில் கேட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் ஒரு மணி நேரத்துக்கு ஆறு தடவைதான் தள்ளிவிடலாம் என்றொரு வரம்பும் இருந்தது. கலைத்துப் பாடுவது அப்போது அங்கே கட்டாயமாக இருந்தது; வரிசையாகக் கேட்பதற்குத்தான் காசு கேட்டார்கள். 2005இல் சுதந்திரம் என்று விற்ற சரக்கு சில வருஷத்தில் ஏழைக்கான வகுப்பாகிவிட்டது. மறுப்பதற்கும் ரேஷன்!

*

இதுவரை சொன்னதை வைத்து, அடோர்னோ அன்றைக்கே சொன்னார் பார்த்தாயா என்று சிலர் கிளம்பக் கூடும். 1938இல் எழுதிய கட்டுரையில் அவர் கேட்டலின் பின்னடைவைப் பேசும்போது, பாட்டைவிட ரேடியோப் பெட்டியை நோண்டுவதிலேயே லயித்துப்போகிற ரசிகரையும் ஒரு பிடி பிடிக்கிறார். அவருக்கு அந்தக் கை பிடிக்கவில்லை. நான் அவரோடு சேர மாட்டேன். நீக்கப்பட்டவற்றில் ஒரு பங்கு கம்பெனிக்குப் போனது உண்மை. இன்னொரு பங்கு அந்தக் கைக்குத்தான் வந்தது.

என்னிடம் இருப்பது 2010 செப்டம்பரில் வெளிவந்த நான்காம் மாதிரி. எம்.ஏ. முடித்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. தீப்பெட்டியைவிடச் சின்னச் சதுரம், 12.5 கிராம், முதுகில் கிளிப். மெய்ப்பு திருத்துகிறபோது கண் முழுக்கத் தாளில் இருக்கும், ஒரு கை பேனாவில் இருக்கும். மற்றக் கையின் கட்டைவிரல் சட்டையில் மாட்டிய அந்தச் சதுரத்துக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வரும். வட்டம் எந்தப் பக்கம் தடவினாலும் வட்டம்தான். மேல் எது, கீழ் எது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இயர்போன் வயர் புறப்படுகிற பக்கம் மேல் என்று விரல் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. கையேட்டில் இதை யாரும் எழுதியதாக நினைவில்லை. இது படித்து வருகிற அறிவில்லை. களை பறிக்கிற விரலுக்கும் பீடி சுற்றுகிற விரலுக்கும் இருக்கிற அறிவின் தூரத்து உறவு. கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டிய அவசியமில்லாதது. கைபேசியின் கண்ணாடித் திரை வந்தபிறகு இந்த அறிவு வேலையற்றுப் போனது. வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்ணைக் கொடுத்தால் கூடவே என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விரலின் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2009 மார்ச்சில் வந்த மூன்றாம் மாதிரியில் பார்த்தோம். திரையை எடுத்தாயிற்று, இந்தத் தடவை பொத்தான்களையே எடுத்துவிட்டார்கள். பெட்டி ஒரு மொட்டை உலோகத் துண்டு, 10.7 கிராம், அணைக்க-போட ஒரு சுவிட்ச் மட்டும். கட்டுப்பாடு முழுக்க இயர்போன் வயரில் தொங்குகிற ஒரு பட்டைக்குப் போயிற்று: கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, நடுவில் ஒன்று. இந்த நடுப்பொத்தானுக்கு ஒரு முழு மொழியையே சுமக்கிற வேலை. ஒருதரம் அமுக்கினால் ஓடும் அல்லது நிற்கும். இரண்டுதரம் அமுக்கினால் அடுத்த பாட்டு. மூன்றுதரம் என்றால் முந்தையது. இரண்டுதரம் அமுக்கி இரண்டாவதை விடாமல் பிடித்தால் பாட்டு வேகமாக முன்னால் ஓடும். மூன்றுதரம் அமுக்கிப் பிடித்தால் பின்னால். அமுக்கியபடியே பிடித்தால் பாட்டின் பெயரைச் சொல்லும். இன்னும் விடாமல் பிடித்து ஒரு ஒலி கேட்டபிறகு விட்டால் பட்டியல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். இடத்தால் வேறுபட்ட பொத்தான்கள் போய், காலத்தால் வேறுபடுகிற ஒரே பொத்தான் வந்துவிட்டது. இது மாத்திரைக் கணக்கு. கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று மாத்திரைக்குத் தொல்காப்பியம் அளவு சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, நீட்டி ஒலிக்க வேண்டிய இடத்தில் அளபெடை. அளவுகோல் விரல் என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் ஷஃபிளிலும் குறுக்கம் ஒரு பொருள், நீட்டம் ஒரு பொருள், நீட்டத்துக்கும் மேலே நீட்டினால் வேறொரு பொருள். புணர்ச்சியும் உண்டு. இரண்டு அமுக்கலும் நெருங்கி வந்தால் சேர்ந்து 'அடுத்தது' என்று ஆகும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் பிரிந்து 'நிறுத்து', 'ஓடு' என்று இரண்டு சொல்லாகிவிடும். எவ்வளவு இடைவெளி என்று கையேடு அளவு சொல்வதில்லை. வேகமாக அமுக்கு என்பதோடு சரி. காது பழகித்தான் கை பழக வேண்டும், ஓசை பழகித்தான் யாப்பு பழகுவதுபோல. இதைப் படித்துவிட்டுத் தொல்காப்பியரே ஐபாடைக் கண்டுபிடித்துவிட்டார் என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம். காலத்தை விரலால் அளப்பது எந்த உடம்புக்கும் பொதுவானது. அதற்கு நம் இலக்கணத்தில் கருவிச் சொற்கள் கிடக்கின்றன, எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கு மேல் நான் எதுவும் கோரவில்லை.

ஆனால் இந்த யாப்புக்கு ஒரு முதலாளி இருந்தார். அந்தப் பட்டை இல்லாத வேறு இயர்போனை மாட்டினால் பெட்டி பாடும். உங்கள் பேச்சைக் கேட்காது. சத்தத்தைக் குறைக்கக்கூட வழியில்லை. கேட்பவரின் வாய் வயரில் இருந்தது, வயர் கம்பெனியிடம் இருந்தது. ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே, 2010 செப்டம்பரில், பொத்தான்கள் பெட்டிக்குத் திரும்பி வந்தன. ஆட்களுக்குப் பொத்தான் இல்லாதது குறையாக இருந்திருக்கிறது என்று ஜாப்ஸே மேடையில் ஒப்புக்கொண்டார். நுகர்வோர் என்று நாம் இளக்காரமாகச் சொல்கிற ஆட்கள் ஒரு பெரிய கம்பெனியின் அழகியலைப் பின்வாங்க வைத்த சம்பவம் இது. கொடி பிடித்து நடந்ததில்லை, வாங்காமல் விட்டதும் முணுமுணுத்ததும்தான். ஆனாலும் கட்டைவிரல் ஜெயித்த ஒரு இடம் என்று அதைக் குறித்து வைக்க வேண்டும்.

பொத்தானை அமுக்குகிற விரல் மட்டும் விரலில்லை. அதைப் பொருத்துகிற விரலும் உண்டு. 2006இல் சீனாவில் ஐபாட் தயாரித்த ஆலை பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தபிறகு ஆப்பிளே ஒரு விசாரணை நடத்தி அந்த ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. வாரத்துக்கு 60 மணி நேரம் என்று அவர்களே வைத்த வரம்பு 35 சதவீதம் மீறப்பட்டிருந்ததாக அதில் ஒப்புக்கொண்டார்கள். 60 மணி என்பதே வரம்பு என்பதை இன்னொருதரம் படித்துக்கொள்ளுங்கள். எளிமை என்று மேடையில் சொல்லப்பட்டதன் இன்னொரு முனை அங்கே இருந்தது.

*

பெயரின் கதை இன்னும் முடியவில்லை. மூன்றாம் மாதிரியில் 'வாய்ஸ்ஓவர்' என்று ஒரு குரல் வந்தது. அமுக்கிப் பிடித்தால் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் காதில் சொல்லும். நீக்கிய திரை ஓசையாகத் திரும்பி வந்தது. நான்காம் மாதிரியில் இதற்கென்று தலையில் தனியாக ஒரு பொத்தானே வைத்தார்கள்: ஒருதரம் அமுக்கினால் பாட்டின் பெயர், இரண்டுதரம் அமுக்கினால் பேட்டரியின் நிலை, பிடித்துக்கொண்டிருந்தால் பட்டியல்கள். பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒரே மாதிரியாக, ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தச் சலுகையும் இல்லாமல் நிற்க முடிந்த சாதனங்கள் நம் காலத்தில் அபூர்வம். இது தற்செயலாக அப்படி அமைந்தது. எழுத்து தெரியாதவருக்கும் இதே கதைதான். திரை என்பது கண்ணுக்கும் எழுத்துக்கும் சேர்த்துக் கேட்கிற நுழைவுச்சீட்டு. அது இங்கே கேட்கப்படவில்லை. விளிம்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம் இந்தச் சமத்துவத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? பெட்டிக்குள்ளிருந்து இல்லை. பாட்டுகளை ஏற்றும்போதே கணினி ஒவ்வொரு பெயரையும் வாசித்து, ஒலிக்கோப்பாக்கி உள்ளே அனுப்பிவிடும். அப்போதும் பெட்டிக்குப் பெயர் தெரியாது. வேறு இடத்தில் யாரோ சொன்னதைத் திரும்பச் சொல்லும். எந்தெந்த மொழிகளில்? 2009இல் பதினான்கு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியம், போர்த்துகீசியம், டச்சு, செக், போலிஷ், கிரேக்கம், ஸ்வீடிஷ், துருக்கி, ஜப்பானியம், மாண்டரின். இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடிப் பேர். ஸ்வீடிஷ் பேசுகிறவர்களைப்போலப் பல மடங்கு. மொழிப்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. கணக்கில் எடுத்தது பேசுகிறவர்களை அல்ல, வாங்குகிறவர்களை. ஐட்யூன்ஸ் கடையே இந்தியாவுக்கு 2012 டிசம்பரில்தான் வந்தது. அதுவரைக்கும் இங்கே எம்பி3 பாட்டு என்றால் பெரும்பாலும் பிளாட்பாரத்து சிடி, இல்லையென்றால் எங்கிருந்தோ இறக்கியது. அவற்றில் பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கிய தளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். பாட்டு எழுதியவர் பெயருக்கு இடமே இருக்காது. வாலியா, வைரமுத்துவா, யாராக இருந்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான். இந்தப் பெயர்களை ஆங்கிலக் குரல் ஆங்கில உச்சரிப்பில் வாசித்தால் ழகரமும் றகரமும் என்னவாகும் என்று சொல்ல வேண்டாம். உச்சரிப்பு ஒரு பக்கம் கிடக்கட்டும். பெயர் என்பது யாருடைய உழைப்பு என்று அறிவதற்கான முதல் வழி. அது எழுதப்படும்போதே சிதைந்திருந்தால் குரல் வந்து என்ன செய்யும்? கம்பெனி நீக்கியது பாதி, நாம் ஏற்றும்போதே தொலைத்தது மீதி.

இப்போது ஷஃபிள் இல்லை. 2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையின் கடைசி உருப்படியும் போய்விட்டது. மூன்றாம் மாதிரியின் யாப்பு மட்டும் போகவில்லை. எந்த ஊர் கைபேசிக் கடையிலும் தொங்குகிற மலிவான வயர் இயர்போனை எடுத்துப் பாருங்கள், அதிலும் ஒரு பொத்தான் இருக்கும். ஒருதரம் அமுக்கினால் நிற்கும், இரண்டுதரம் அமுக்கினால் அடுத்தது. பலவற்றில் மூன்றுதரத்துக்கு முந்தையதும் வரும். கையேடு எதுவும் கூட வருவதில்லை. சித்தாள் ஒருவர் இன்னொருவருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவர் தன் மகனுக்குச் சொல்லித்தான் பரவியிருக்கிறது. 2019இல் ஆப்பிள் விட்ட வயரில்லாத ஏர்பாட்ஸ் புரோவில், காதிலிருந்து தொங்குகிற தண்டை அழுத்துவதற்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அதே கணக்கு. மாறியது நீட்டம் ஒன்றுதான். 2009இல் அமுக்கிப் பிடித்தால் ஓடுகிற பாட்டின் பெயர் காதில் விழும். இதில் பிடித்தால், வெளிச்சத்தம் காதுக்குள் வராமல் அடைபடும். மறுபடி பிடித்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கும், முதல் வாக்மேனின் ஆரஞ்சுப் பொத்தானில் கேட்டதுபோல. அவருக்கென்று இன்னொரு துளை மட்டும் இதில் கிடையாது.